20 வருஷம் சௌகார்பேட்டைக்குப் போன அப்பா... முதன்முறையாக அங்கே சாப்பிட்ட மாலை!

"சௌகார்பேட்டையில இப்போ ட்ரெண்டிங்ல இருக்கிற கடைகளுக்கு நேர்ல போய், சாப்பிட்டுப் பார்த்து ஒரு ஸ்டோரி பண்ணு" என்று மீட்டிங்கில் சொன்னதும், மற்றவர்களுக்கு இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் ஞாபகம் வந்திருக்கும். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டியவர். வீட்டை ஒட்டிய ஷெட்டில் இரண்டு தறி. லுங்கியும் துண்டும் நெய்து, மூட்டை கட்டி, மாதத்துக்கு இரண்டு முறை சௌகார்பேட்டைக்குக் கொண்டு போவார். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கி, நான் காலேஜ் சேரும் வரைக்கும் சுமார் 20 வருஷம் போயிருக்கிறார். எந்தச் சந்தில் நுழைந்தால் எந்தத் தெருவில் வெளியே வரலாம் என்று கூகுள் மேப்பை விட அவருக்கு நன்றாகத் தெரியும். இதை விட நல்ல கைடு எனக்கு எங்கே கிடைக்கும்?

"சனிக்கிழமை என்கூட சௌகார்பேட்டைக்கு வரியாப்பா?" என்று போனில் கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"சாப்பிட."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார். "சாப்பிடறதுக்கா அங்க போவாங்க?"

மஞ்சப்பையில் புளிசாதம்

பள்ளிப்பட்டு தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கொஞ்சம் தள்ளிப் போனால் ஆந்திரா. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் நாங்களே சித்தூர் மாவட்டம்தான். டீக்கடையில் ஒருவர் தெலுங்கில் கேட்பார், இன்னொருவர் தமிழில் பதில் சொல்வார், இரண்டு பேருக்கும் அது வித்தியாசமாகத் தெரியாது. ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் எங்கள் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும். சாப்பாடும் அப்படித்தான், எல்லை பார்க்காது. கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டிலும் ஒன்றேதான்.

அங்கிருந்து சென்னை நூறு கிலோமீட்டருக்கு மேல். ஊரில் ரயில் இல்லை. திருத்தணி வரை வண்டியில் போய், ஸ்டாண்டில் போட்டுவிட்டு, மின்சார ரயில் ஏறினோம். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அப்பாவின் மடியில் இருந்த மஞ்சப்பையைக் கவனித்தேன்.

"இன்னாப்பா இது?"

"உங்கம்மா புளிசாதம் கட்டிக் குடுத்துட்டா. சௌகார்பேட்டைன்னு சொன்னேன், பழக்கத்துல கட்டிட்டா போல."

உணவகங்களைப் பற்றி எழுதப் போகும் நிருபர், கையில் கட்டுச்சாதத்தோடு போவது எங்கள் டெஸ்க் வரலாற்றிலேயே இதுதான் முதல்முறையாக இருக்கும். வீணாக்கவும் மனசு வரவில்லை. ஆவடி வருவதற்குள் இரண்டு பேரும் அதைக் காலி செய்துவிட்டோம். ஆக, பாதி வயிறு நிறைந்த நிலையில்தான் இந்த ஃபுட் டூர் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சென்ட்ரலில் இறங்கி, வால்டாக்ஸ் ரோடு பிடித்து, யானைகவுனி பக்கமாக உள்ளே நடத்தினார் அப்பா. எனக்கு முன்னால் போனார். முழங்கால் வலிக்காரர் மாதிரியே தெரியவில்லை. தள்ளுவண்டி, மீன்பாடி வண்டி, மூட்டை சுமக்கும் ஆட்கள், ஹாரன் அடித்துக்கொண்டே வரும் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் நடுவில் எப்படி ஒதுங்க வேண்டும் என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது. நான்தான் இரண்டு தடவை இடி வாங்கினேன்.

ஒரு சந்தில் சட்டென்று நின்றார். "இங்கதான் ஒரு கல்லுப்படி இருக்கும். எப்பவும் மூடியே கிடக்கிற கடை. இதுலதான் உக்காந்து சாப்பிடுவேன்."

இப்போது அங்கே செல்போன் கவர் விற்கும் கடை. படி இல்லை, டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

"20 வருஷமும் இங்கேயா?"

"பின்ன? வெயில் படாது. சேட்டு கடையில இருந்து கூப்பிட்டா கேக்கும். பணம் எப்ப குடுப்பாங்கன்னு சொல்ல முடியாதில்ல. சில நாள் பன்னெண்டு மணிக்கு வந்துடும், சில நாள் ஆறு மணி ஆகும். நடுவுல எழுந்து ஓட்டலுக்குப் போயிட்டா, அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க."

சௌகார் என்றால் யார்?

'சௌகார்' என்றால் வணிகர், பணம் கொடுக்கல் வாங்கல் செய்கிறவர். அதே சொல் தெலுங்கில் 'ஷாவுகாரு'. 1950-ல் அந்தப் பெயரில் வந்த தெலுங்குப் படத்தில் அறிமுகமானதால்தான் ஜானகி அம்மா, 'சௌகார்' ஜானகி ஆனார். இது அப்பா சொன்ன தகவல்தான். நான் செக் பண்ணிவிட்டேன், சரியாகவே சொல்லியிருக்கிறார்!

இந்தப் பகுதியின் முதுகெலும்பு தங்கசாலைத் தெரு, அதாவது மின்ட் ஸ்ட்ரீட். கிழக்கிந்திய கம்பெனியின் நாணயச் சாலை இருந்ததால் அந்தப் பெயர். அதற்கு முன்பு இது துணி வெளுப்பவர்களின் தெரு. கம்பெனிக்காரர்கள் கப்பலில் ஏற்றியதில் பெரும்பகுதி துணி. நெய்த துணியை வெளுக்கவும் சாயம் போடவும் ஆட்களைக் கோட்டைக்குப் பக்கத்திலேயே குடி வைத்தார்கள். நெசவாளர்களுக்காகவே 1734-ல் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினார்கள். துணி வியாபாரத்தோடு தெலுங்கு வணிகர்கள், குஜராத்திகள், பிறகு ராஜஸ்தானிலிருந்து மார்வாடிகள், ஜெயின்கள் என்று ஒவ்வொருவராக இந்தத் தெருக்களுக்கு வந்து சேர்ந்தார்கள். ஏழுகிணறு, கந்தகோட்டம் என்று தமிழ் அடையாளங்களும் இதே நெரிசலுக்குள்தான் இருக்கின்றன. வள்ளலார் வாழ்ந்த வீடு ஏழுகிணறு வீராசாமித் தெருவில் இருக்கிறது.

சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு முதலில் தேவைப்படுவது சொந்த ஊர்ச் சாப்பாடு. இப்போது நாம் 'ட்ரெண்டிங்' என்று ரீல்ஸ் போடும் கடைகளில் பாதி, அப்படி வந்தவர்கள் தங்களுக்காகத் தொடங்கியவை. கடைகள் புதுசு இல்லை. செல்போன்தான் புதுசு.

ஆறாத ஜிலேபி

முதலில் போனது தங்கசாலைத் தெருவில் இருக்கும் காக்கடா ராம்பிரசாத். சௌகார்பேட்டை என்றாலே எல்லோரும் சொல்லும் பெயர். ஜிலேபி, ஆலு டிக்கி, பாதாம் பால் மூன்றுக்கும் பிரபலம். வாசலிலேயே அகலமான வாணலியில் ஜிலேபி பிழிந்துகொண்டிருந்தார்கள். நெய் வாசனை தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் வரை வருகிறது.

நம் ஊர் ஜாங்கிரியையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஜாங்கிரி உளுந்து மாவு. ஜிலேபி, மைதா மாவைப் புளிக்கவைத்துச் செய்வது. அதனால்தான் அந்த இனிப்புக்குள் லேசான புளிப்பு ஒளிந்திருக்கும். மெலிசாக, மொறுமொறுவென்று இருக்க வேண்டும். கடித்ததும் உள்ளே இருக்கும் சூடான பாகு வாய்க்குள் வழிய வேண்டும்.

இந்த விவரமெல்லாம் எனக்கு அன்றுதான் புரிந்தது. சின்ன வயசில் எனக்குத் தெரிந்த ஜிலேபி வேறு. ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் சௌகார்பேட்டையிலிருந்து அப்பா அரைக் கிலோ வாங்கி வருவார். எண்ணெய்க் காகிதம், அதன்மேல் தினத்தந்தி, அதன்மேல் சணல். ராத்திரி பத்தரைக்கு அவர் வீட்டுக்கு வருவதற்குள் அது ஒன்றோடொன்று ஒட்டி, சவ்சவ்வென்று ஆகியிருக்கும். நானும் தம்பியும் இழுத்து இழுத்துத் தின்போம். ஜிலேபி என்றால் இழுக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு தட்டு வாங்கி அப்பாவிடம் நீட்டினேன். ஓரத்தை உடைத்து வாயில் போட்டார். அது உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் கையிலிருந்த மீதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வேற மாதிரி இருக்குதே."

"நீ வாங்கிட்டு வந்தது இதேதாம்ப்பா. ஆறிப் போனது."

"அப்படியா? நான் கடையில நின்னு தின்னதில்லையே. பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கிட்டு ஓடி வந்துடுவேன்."

அவர் வாங்கியது எந்தக் கடை என்று அவருக்கே நினைவில்லை. "கண்ணாடிப் பெட்டி வெச்சிருப்பாங்க" என்றார். இந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது.

இரண்டாவது ஜிலேபியை அவர் எடுத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். சர்க்கரை இருக்கிறது அவருக்கு. அம்மா இதைப் படிப்பார் என்பதால் ஒரு விளக்கம்: இரண்டாவது பாதிதான்.

ஆலு டிக்கியும் வாங்கினோம். உருளைக்கிழங்கை மசித்து, தட்டி, தோசைக்கல் மாதிரி பெரிய கல்லில் ஓரம் சிவக்க வாட்டி, மேலே தயிர், இனிப்புச் சட்னி, பச்சைச் சட்னி. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜிலேபிக்குப் பிறகு எதுவும் கொஞ்சம் பின்வரிசைதான். போகிறவர்கள் வரிசையை மாற்றிச் சாப்பிடுங்கள்.

'பாவா? நம்ம பாவா?'

அதே தெருவில் இன்னும் நடந்தால் மேத்தா பிரதர்ஸ். சின்னக் கடைதான். வடா பாவுக்காக ஆட்கள் மொய்க்கும் கடை. நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும்.

"இங்க வடா பாவ் ஃபேமஸ்ப்பா."

"பாவா? நம்ம பாவா?"

தறி தெரியாதவர்களுக்கு: நெசவில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. குறுக்கே நாடா கொண்டு போவது ஊடை. அப்பா வாழ்க்கையில் 'பாவு' என்றால் அது ஒன்றுதான். இந்தப் பாவ், போர்ச்சுக்கீசியர்கள் கொண்டு வந்த ரொட்டியின் பெயர் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். சுவாரசியமாக இல்லை போல.

பிறகு இன்னொன்று சொன்னேன். "அப்பா, இது பம்பாயில பஞ்சாலைத் தொழிலாளிங்க சாப்பாடு."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

வடா பாவ் 1966 வாக்கில் பம்பாய் தாதர் ரயில் நிலைய வாசலில் அசோக் வைத்யா என்பவர் போட்ட கடையில் தொடங்கியதாகச் சொல்வார்கள். தாதரைச் சுற்றியிருந்த பரேல், லால்பாக் பகுதிகள் முழுக்க அன்று பஞ்சாலைகள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள் இருவருக்கும் உட்கார்ந்து சாப்பிட நேரமும் இல்லை, காசும் இல்லை. ஒரு கையில் பிடித்து நடந்துகொண்டே தின்னக்கூடிய, வயிறு நிறைகிற, விலை குறைந்த ஒன்று வேண்டும். அதுதான் இது. பாவ் பாஜியும் அதே பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக வந்ததாகத்தான் சொல்கிறார்கள். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பல ஆலைகள் பிறகு திறக்கவே இல்லை. வேலை போனவர்களில் பலர் வடா பாவ் வண்டி போட்டுப் பிழைத்தார்கள்.

"அப்போ இது தறிக்காரன் சாப்பாடா?"

"ஆமாம்ப்பா."

"தறிக்காரன் சாப்பாட்டை இங்க வித்துக்கினு இருக்காங்க. நான் எதிர்ல படியில உக்காந்து புளிசாதம் தின்னேன்" என்று சொல்லிச் சிரித்தார். வருத்தமெல்லாம் இல்லை, நிஜமான சிரிப்புதான்.

கடலைமாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு வடை, பிளந்த பாவுக்குள் காய்ந்த பூண்டுப் பொடி, கூடவே வறுத்த பச்சைமிளகாய். அந்தப் பூண்டுப் பொடி அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "களிக்குத் தொட்டுக்கலாம்" என்றார். பள்ளிப்பட்டுக்காரர் ஒரு பதார்த்தத்துக்கு இதை விடப் பெரிய சர்டிபிகேட் தர முடியாது.

நான் அவரிடம் கேட்க நினைத்த கேள்வியை அங்கேதான் கேட்டேன். "ஒரு நாள்கூடவா இங்க சாப்பிடணும்னு தோணலை?"

கடித்துக்கொண்டே யோசித்தார். "தோணும். வாசனை வருமில்ல? ஆனா கையில இருக்கிற பணம் என்னுது இல்லம்மா. நூல்காரனுக்கு, தறி ஓட்டுற பையனுக்கு, கரண்ட்டு பில்லுக்கு. அதுல இருந்து பத்து ரூபா எடுத்தா கணக்கு உதைக்கும். அதுவுமில்லாம, உள்ள போனா எப்படிக் கேக்கறதுன்னு தெரியாது. பலகையில எல்லாம் இந்தியில எழுதியிருக்கும். மூட்டை தூக்கின சட்டையோட போய் நிக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

கடைக்காரர்கள் யாரும் அவரைத் தடுத்ததில்லை. அவருக்குச் சரக்கு பேசும் சேட்டு டீ வாங்கித் தருவார், தீபாவளிக்குப் பேத்தி மாதிரி என்று சொல்லி எனக்குப் பாவாடைத் துணிகூடக் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஆனாலும் அப்பா உள்ளே போகவில்லை. அன்று அந்தக் கடை வாசலில் அவருக்குப் பக்கத்தில் காலேஜ் பசங்க செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

சுருக்கமாகச் சில

முறுக்கு சாண்ட்விச் பற்றிக் கேட்டு நிறைய பேர் மெசேஜ் போட்டிருந்தீர்கள். முறுக்குகளுக்கு நடுவில் வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய், சட்னி, சீஸ் வைத்துத் தருகிறார்கள். நாங்கள் சாப்பிட்ட இடத்தின் பெயரைச் சொல்லவில்லை, காரணம், முறுக்கு நமத்திருந்தது. "முறுக்கைத் தனியா குடுத்திருக்கலாம்" என்றார் அப்பா. வீடியோவில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். நல்ல கடை தெரிந்தவர்கள் என்மேல் கோபப்படாதீர்கள்.

ஜெயின் உணவு கிடைக்கும் கடைகளை மட்டும் தவறவிடாதீர்கள். ஜெயின்கள் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போல மண்ணுக்கடியில் விளைவதைச் சாப்பிடுவதில்லை. அதனால் அவர்களுக்கான பாவ் பாஜியில் உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய் போடுகிறார்கள். வித்தியாசம் சட்டென்று தெரியாது. விரதநாளில் வெங்காயம், பூண்டு சேர்க்காத நம் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போனால், 'ஜெயின்' என்ற ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நெய்யில் நீந்தும் இட்லி

ஆறு மணிக்கு என்.எஸ்.சி. போஸ் ரோடு பக்கம் வந்தோம். சீனா பாய் டிபன் சென்டர் மாலையில்தான் திறக்கும். இருப்பது இட்லி, ஊத்தப்பம் இரண்டுதான். இந்த இரண்டை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாகக் கூட்டம் சேர்க்கிறார்கள்.

எனக்கு இந்தக் கடைதான் சௌகார்பேட்டையின் சுருக்கம் என்று தோன்றுகிறது. இட்லி நம்முடையது, பொடி நம்முடையது. அந்த நெய்யின் அளவு மட்டும் கண்டிப்பாக ராஜஸ்தான்! கல்லில் ஊத்தப்பம் வேகும்போதே பொடி தூவி, நெய்யை ஊற்றுகிறார்கள். தடவவில்லை, ஊற்றுகிறார்கள். பக்கத்தில் ஒரு மார்வாடிக் குடும்பம், பாட்டியிலிருந்து பேரன் வரை, ஊத்தப்பத்தை நாம் சாப்பிடுவதை விட லாகவமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேரன் பாட்டியிடம் இந்தியில் பேசினான், கடைக்காரரிடம் "அண்ணா, இன்னும் கொஞ்சம் பொடி" என்று சுத்தமான சென்னைத் தமிழில் கேட்டான்.

அப்பா இட்லியைப் பார்த்ததும் தெம்பாகிவிட்டார். இங்கே அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. தானே போய், தானே கேட்டு, தானே தட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு ஊத்தப்பம், அவருக்கு இரண்டு இட்லி. நெய்யைத் தட்டின் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, நெய் இல்லாத பக்கமாகப் பிய்த்துச் சாப்பிட்டார். டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

கப்பலில் வந்த அத்தோ

கடைசி இடத்துக்கு ஆட்டோ பிடித்தோம். உயர் நீதிமன்றத்தைத் தாண்டி, கடற்கரை ரயில் நிலையத்துக்குக் கிட்டே செகண்ட் லைன் பீச் ரோடு. பர்மா பஜாருக்குப் பின்பக்கத் தெரு. சாயங்காலம் ஆனால் வரிசையாக அத்தோ வண்டிகள். இது சௌகார்பேட்டை கணக்கில் வராதே என்று கேட்காதீர்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அத்தோ சாப்பிடாமல் போனால் பாவம்.

பிரிட்டிஷ் காலத்தில் வியாபாரத்துக்கும் கூலி வேலைக்கும் பர்மா போன தமிழர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். 1942-ல் ஜப்பான் படை வந்தபோது பலர் காடு மலை வழியாக நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். மிச்சமிருந்தவர்களுக்கு 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு வாழ்க்கை மறுபடி ஆட்டம் கண்டது. கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆக, 1964-லிருந்து கப்பல் கப்பலாகச் சென்னைக்குத் திரும்பினார்கள். பெரிதாக எதையும் கொண்டுவர முடியவில்லை. அவர்களின் பிழைப்புக்காக 1969-ல் வந்ததுதான் பர்மா பஜார். கூடவே அவர்கள் நாக்கில் கொண்டுவந்தது அத்தோ, மொய்ங்கா, பேஜோ.

பர்மிய மொழியில் 'அத்தோக்' என்றால் கையால் கலந்தது என்று பொருள். வண்டிக்காரர் அதைத்தான் செய்கிறார். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பாத்திரத்தில் அள்ளிப் போட்டு, கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், நொறுக்கிய பேஜோ எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருகிறார். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் காரமும் அடைத்துத் தருவது தனி.

அப்பா முதலில் தயங்கினார். "புழு மாதிரி இருக்குது." ஒரு வாய் போட்டதும் அமைதியாகிவிட்டார். புளி, பூண்டு, காரம். எங்கள் வீட்டு ருசிதான், உருவம்தான் வேறு. ஸ்டூலில் உட்கார்ந்து முழுத் தட்டையும் முடித்தார். சூப்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

வண்டிக்காரரோடு பேச்சு வளர்ந்தது. தன் பாட்டி ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர் என்றார் அவர். "நீங்க எந்த ஊர்ண்ணா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"பள்ளிப்பட்டு. திருத்தணிக்கு அந்தாண்ட."

"அது ஆந்திராவா, தமிழ்நாடா?"

"எங்கப்பா பொறந்தப்போ ஆந்திரப் பக்கம். நான் பொறந்தப்போ தமிழ்நாடு. வீடு மட்டும் அதே இடம்தான்."

அவர் சிரித்துக்கொண்டே அப்பாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் பேஜோவை நொறுக்கிப் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.

போகிறவர்களுக்கு

சொந்த வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே பசி போய்விடும். சென்ட்ரலில் இறங்கி நடக்கலாம், அல்லது மெட்ரோவில் மண்ணடி, உயர் நீதிமன்றம் நிலையங்களில் இறங்கலாம். நான்கு மணிக்குத் தங்கசாலைத் தெருவில் தொடங்கினால், ஆறு மணிக்கு இட்லி, ஏழு மணிக்கு அத்தோ என்று சரியாக வரும். ஒரு தட்டை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களோடு போனால் கூடவே ஒரு தண்ணீர் பாட்டிலும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். உட்கார இடமிருக்கும் கடைகள் குறைவு. நாங்கள் இரண்டு பேர் சாப்பிட்டதற்கு ஆட்டோ, ரயில் தவிர்த்து 500 ரூபாய்க்குள்தான் ஆனது.

பில் கொடுக்கும்போதெல்லாம் அப்பா பர்ஸை எடுத்தார். "ஆபீஸ் காசுப்பா" என்று ஒவ்வொரு தடவையும் தடுத்தேன். ஜிலேபிப் பார்சலுக்கு மட்டும் அவர்தான் கொடுத்தார். அரைக் கிலோ. "இது ஆபீஸ் கணக்குல வராது" என்றார்.

திருத்தணியில் இறங்கும்போது மணி பத்தரை. நான் வண்டி ஓட்ட, அப்பா பின்னால் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீடு சேர்ந்தபோது அம்மா தூங்காமல் காத்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்தால், வழக்கம்போல ஒன்றோடொன்று ஒட்டி, சவ்சவ்வென்று இருந்தது. அம்மா ஒன்றை இழுத்துப் பிரித்துக் கடித்தார்.

"அதே ருசி. அந்தக் கடை மாறவே இல்ல" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிப் போக வேண்டும்.